முகத்துக்கு வந்த சவரக்கத்தி

தேனாம்பேட்டையில் அண்ணா சாலையை ஒட்டியும் செனடாப் ரோடு, எல்டாம்ஸ் ரோடு பக்கங்களிலும் இயங்கும் தோல் கிளினிக்குகளிலும் பியூட்டி பார்லர்களிலும் 'டெர்மாபிளேனிங்' என்ற பெயர் இன்று சகஜமாகிவிட்டது. கூர்மையான அலகால் முகத்தின் பூனைமுடியையும் இறந்த தோலையும் வழித்தெடுக்கும் வேலை அது. கல்யாணத்துக்கு நாள் குறித்த பெண்களும், மேக்கப் முகத்தில் திட்டுத் திட்டாக நிற்கிறது என்று கவலைப்படுபவர்களும், உதட்டுக்கு மேல் நூல் போட்டுப் போட்டு அலுத்தவர்களும் இதைப் பற்றிக் கேட்கிறார்கள். கேள்வி எல்லோருக்கும் ஒன்றுதான்: என் தோலுக்கு இது ஒத்துக்கொள்ளுமா? ஆனால் அவர்களுக்குக் கிடைக்கும் பதில்களைக் கவனியுங்கள். 'கத்தி பட்டால் முடி தடித்துவிடும்', 'அப்புறம் ஆம்பிளை மாதிரி தாடி வரும்', 'பொம்பளை முகத்தில் கத்தி வைக்கலாமா' என்பவையே முதலில் வருகின்றன. இவற்றில் எதுவும் தோலைப் பற்றியதல்ல. தமிழ்ச் சமூகத்தில் சவரக்கத்திக்கு இருந்த இடம், அதைப் பிடித்த கைக்கு இருந்த இடம், அது பெண்ணுடலைத் தொட்ட தருணங்கள் ஆகியவற்றிலிருந்து கிளைத்து வந்த அச்சங்கள் இவை. அந்த வரலாற்றைப் பிரித்தெடுத்து அப்பால் வைத்தால்தான் தோல் சம்பந்தப்பட்ட உண்மையான கேள்விகள் கண்ணுக்குத் தெரியும். அவை எண்ணிக்கையில் குறைவு, ஆனால் கறாரானவை. அவற்றில் பாதிக்கு நம்முடைய நாவிதர்களின் தொழில் அனுபவமே பதில் வைத்திருக்கிறது என்பது என் வாதம்.

செயல்முறையில் மர்மம் ஒன்றும் இல்லை. முகத்தைக் கழுவி, எண்ணெய்ப் பசை போகத் துடைத்து, ஈரம் உலர விடுகிறார்கள். 10-ம் எண் அறுவைக் கத்தியின் அலகைப் பிடியில் மாட்டி, இடது கையால் கன்னத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டு, அலகை ஏறக்குறைய 45 டிகிரி சாய்த்து, இறகு வருடுவது போன்ற குறுகிய இழுப்புகளாகக் கீழ்நோக்கிக் கொண்டுவருகிறார்கள். நாலைந்து இழுப்பில் அலகின் ஓரத்தில் சாம்பல் வெள்ளையாக ஒரு மாவு சேர்கிறது. அதைப் பஞ்சில் துடைத்துவிட்டு அடுத்த இடத்துக்கு நகர்கிறார்கள். அந்த மாவு, உதிர்வதற்குக் காத்திருந்த மேல்தோல் செல்களும் இரண்டு மில்லிமீட்டர் நீளம்கூட இல்லாத பூனைமுடியும் சேர்ந்த கலவை. முகத்தோலின் ஆக மேலடுக்கு ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு கனம் இருந்தால் அதிகம்; அதிலும் ஒரு பகுதியைத்தான் கத்தி எடுக்கிறது, சில வாரங்களில் உடம்பு அதை மீண்டும் கட்டிக்கொள்கிறது. 'இது ஷேவிங் இல்லை' என்று சில இடங்களில் அழுத்திச் சொல்கிறார்கள். நுட்பம் கூடிய, நுரை இல்லாத சவரம்தான் இது. அப்படிச் சொல்வதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. சொல்லத் தயங்குவதுதான் இந்தக் கட்டுரை பேச வந்த விஷயத்துக்குச் சாட்சி.

சவரமும் அறுவையும் ஒரே கையில் இருந்த காலம் நமக்கு உண்டு. தமிழகத்தில் நாவிதர் சமூகத்துக்கு மருத்துவர் என்பதும் பண்டிதர் என்பதும் வழக்குப் பெயர்கள். சிரைப்பதோடு கட்டியைக் கீறிச் சீழ் எடுப்பதும் புண்ணுக்கு மருந்து கட்டுவதும் அவர்கள் வேலையாக இருந்தன. அந்தக் குடும்பத்துப் பெண்கள் ஊருக்குப் பிரசவம் பார்த்தார்கள்; மருத்துவச்சி என்ற சொல் அவர்களைத்தான் குறித்தது. சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், ரங்காச்சாரியின் துணையோடு 1909-ல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள் பற்றிய நூலிலும் இது பதிவாகியிருக்கிறது. நாவிதரின் அடைப்பத்துக்குள் சவரக்கத்தி, தீட்டுகிற கல், வார்ப்பட்டை, தண்ணீர்க் கிண்ணி, கத்தரி, நகம் வெட்டும் உளி, படிகாரக் கட்டி எல்லாம் இருக்கும். ஒவ்வொன்றும் தோலைப் பற்றிய ஓர் அறிவு. மழுங்கிய கத்தி முடியை வெட்டாமல் இழுக்கும், இழுத்தால் வேர்க்கால் வீங்கும், ஆகவே கல்லிலும் வாரிலும் தீட்ட வேண்டும். தோலை இழுத்துப் பிடிக்காவிட்டால் கத்தி மடிப்பில் இறங்கும். வழித்த பிறகு படிகாரம் தேய்த்தால் கசிவு நிற்கும், எரிச்சல் அடங்கும். இன்று டெர்மாபிளேனிங் பயிற்சியில் சொல்லித்தருகிற பாடங்களில் முக்கால்வாசி இவைதான்.

அந்தக் கை இரண்டாகப் பிரிந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டில். 1835-ல் சென்னையில் தொடங்கிய மருத்துவப் பள்ளி பின்னர் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியாக வளர்ந்தது. 1844-ல் தொடங்கிய மகப்பேறு மருத்துவமனை எழும்பூரில் நிலைபெற்றது. 1914-ல் மருத்துவர்களைப் பதிவுசெய்யும் சட்டம் மாகாணத்தில் வந்தது. பிரசவமும் அறுவையும் பட்டதாரிகளிடம் போயின; நாவிதரிடம் மிஞ்சியது முடி மட்டும். லண்டனில் நாவிதர்களும் அறுவை மருத்துவர்களும் ஒரே சங்கமாக இருந்து 1745-ல் பிரிந்தார்கள். அங்கே பிரிவு இரு தொழில்களுக்கிடையே நடந்தது. இங்கே அது சாதிக்கும் பட்டத்துக்கும் இடையில் நடந்தது. அதனால் நாவிதரின் தோல் அறிவு பாடப்புத்தகத்தில் ஏறவே இல்லை. நம் ஊரில் கத்தியைப் பற்றி நிதானமாகப் பேசக்கூடிய ஒரே கூட்டத்தாரிடம் யாரும் கேட்கவில்லை. இழப்பு அவர்களுக்கு மட்டுமல்ல.

பெண் முகத்தின் கதை இதிலிருந்து விலகி ஓடுகிறது. சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையில் மாதவி நீராடும் இடத்தில் பத்து வகைத் துவர், ஐந்து வகை விரை, முப்பத்திரண்டு வகை மூலிகை ஊறிய நன்னீர் என்று ஒரு பெரிய பட்டியலே வருகிறது. அதில் தேய்ப்பது, பூசுவது, ஊறவைப்பது எல்லாம் உண்டு, கத்தி இல்லை. வீட்டு வழக்கிலும் அப்படித்தான். கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, கோரைக்கிழங்கு, பயத்தம் மாவு சேர்த்து அரைத்த நலங்கு மாவும், உரைகல்லில் இழைத்த பச்சை மஞ்சளும் பெண் முகத்துக்கு உரியவை என்று வகுக்கப்பட்டிருந்தன. பிறந்த குழந்தையின் உடம்பில் இருக்கும் மென்முடி போகப் பயத்தம் மாவைக் குழைத்து உருட்டித் தேய்ப்பதும் இதே மரபு. இவை வேலை செய்தனவா என்றால், ஓரளவு செய்தன என்றே சொல்ல வேண்டும். நாள் தவறாமல் சொரசொரப்பான மாவால் தேய்த்தால் இறந்த தோல் உதிரும், மெல்லிய முடி சில ஒடியும். மஞ்சளின் நிறம் கறுத்த பூனைமுடியைத் தோல் நிறத்தோடு கலக்கவைத்துப் பார்வையிலிருந்து மறைத்திருக்கும் என்றும் நினைக்கிறேன். பின்னாளில் பிளீச் செய்ததும் அதே மறைப்பு வேலைதான். முடி வேரோடு போனது என்பது மட்டும் நம்பிக்கை.

கத்தியும் ரசாயனமும் தெரியாததால் மஞ்சளோடு நின்றார்கள் என்று எடுத்துக்கொள்ள முடியாது. சுசுருத சம்ஹிதையில் புண் ஆற்றும் முறைகளில் ஒன்றாக ரோமம் நீக்குவது வருகிறது. சவரக்கத்தி, கத்தரி, சாமணம் மூன்றும் அங்கே சொல்லப்படுகின்றன. அவை உதவாத இடத்தில் சங்குச் சுண்ணமும் அரிதாரமும் சேர்த்த பூச்சு. அரிதாரம் என்பது ஆர்சனிக் கலந்த மஞ்சள் கனிமம். சுண்ணாம்போடு சேரும்போது முடியைக் கரைக்கும், தோலையும் கடிக்கும். மேற்காசியக் குளியல் அறைகளிலும் இதே கலவை நெடுங்காலம் புழங்கியது. ஆக, வழியும் இருந்தது, கருவியும் இருந்தது. பெண் முகத்தில் மட்டும் கத்தி வரவில்லை என்றால், அதற்குக் காரணம் தோலில் இல்லை.

காரணத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். பிராமணக் குடும்பங்களிலும் அவர்களைப் பார்த்து ஒழுகிய சில சாதிகளிலும், சவரக்கத்தி பெண்ணைத் தேடி வந்தது கணவன் இறந்ததை ஒட்டித்தான். தாலி, பூ, பொட்டு, மஞ்சள் எல்லாம் பறிக்கப்பட்டு, தலை மழிக்கப்பட்டு, அதற்குப் பின் ஆயுள் முழுவதும் மாதந்தோறும் நாவிதர் முன் தலை குனிந்து உட்கார வேண்டியிருந்தது. ஒரே நாளில் மஞ்சள் போய்க் கத்தி வந்தது என்பதைக் கவனித்தால், இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரான அடையாளங்களாக எவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்கும் என்று புரியும். மஞ்சள் பூசிய முகம் சுமங்கலி; கத்தி பட்டவள் கைம்பெண். இந்தக் கொடுமைக்கு எதிராக 1890-ல் பம்பாயில் நாவிதர்களே கூடி, விதவைகளின் தலையை மழிக்க மாட்டோம் என்று முடிவெடுத்தார்கள். கத்தியைப் பிடித்தவர்களே மறுத்தது இந்தியச் சமூகச் சீர்திருத்த வரலாற்றில் போதிய அளவு பேசப்படாத நிகழ்ச்சி. சென்னையில் குழந்தை விதவையான சுப்புலட்சுமியின் தலையை மழிக்க அவர் குடும்பம் மறுத்தது. அவர் 1911-ல் பட்டம் பெற்று, இளம் விதவைகளுக்கு இல்லம் அமைத்து, அதைத் திருவல்லிக்கேணி ஐஸ் ஹவுஸ் கட்டடத்தில் நடத்தினார். தேனாம்பேட்டையிலிருந்து அந்தக் கடற்கரைக் கட்டடத்துக்குப் போகிற தூரம் மிகக் குறைவு. அந்த இல்லத்தில் வளர்ந்த தலைமுறைக்குப் பேத்திகளும் கொள்ளுப்பேத்திகளும் இதே நகரத்தில் இருக்கிறார்கள். வழக்கம் மறைந்துவிட்டது, கத்தி மீதான கூச்சம் காரணம் மறந்த நிலையில் நீடிக்கிறது.

இங்கே ஒரு மறுப்பு வரும், நியாயமான மறுப்பும்கூட. திருப்பதியிலும் பழனியிலும் சமயபுரத்திலும் பெண்கள் மனமுவந்து மொட்டை போட்டுக்கொள்கிறார்களே, அப்படியானால் கத்திக்கும் கைம்மைக்கும் முடிச்சுப் போடுவது எப்படிச் சரி? இரண்டு பதில்கள் உண்டு. ஒன்று, தலை மழிப்பு எல்லாச் சாதி வழக்கமும் அல்ல; அந்த அச்சம் எல்லா வீட்டிலும் ஒரே அழுத்தத்தில் இருந்ததில்லை. அது மேல்சாதி வழக்கம் என்பதாலேயே கௌரவத்தோடு சேர்ந்து மற்ற வீடுகளுக்கும் மங்கலாகப் பரவியது. இரண்டாவது, நேர்த்திக்கடன் முடி சாமிக்குப் போகிறது, அழகுக்காக எடுப்பதில்லை. கடவுளுக்குக் கொடுத்த தலையில் சந்தனம் அப்பிக்கொண்டு நிமிர்ந்து நடக்கிற அதே பெண், மேலுதட்டில் கத்தி வைக்கச் சொன்னால் தயங்குவாள். ஏனென்றால் முகச் சவரம் ஆணுக்கு மட்டும் உரியது என்ற இன்னொரு வேலி அங்கே நிற்கிறது. அத்தைக்கு மீசை முளைத்தால் சித்தப்பா என்ற பழமொழி, நடக்கவே நடக்காத காரியத்துக்கு எடுத்துக்காட்டாகப் பெண் மீசையைச் சொல்கிறது. உண்மையில் அத்தைமார்களுக்கு மீசை முளைக்கத்தான் செய்கிறது. மாதவிடாய் நின்ற பிறகு பலருக்கு முளைக்கிறது. பழமொழி அதை இல்லை என்று சாதித்ததால், அத்தைமார்கள் கண்ணாடி முன் தனியாக நின்று சாமணத்தால் பிடுங்கினார்கள்.

மொட்டையைப் பேச எடுத்தது இன்னொரு காரணத்துக்காகவும். குழந்தைக்கு முதல் மொட்டை, இரண்டாம் மொட்டை, மூன்றாம் மொட்டை என்று அடிக்கிறோம்; 'மழிக்க மழிக்க முடி அடர்த்தியாக வரும்' என்று பெரியவர்கள் சந்தோஷமாகச் சொல்வார்கள். அரும்பு மீசைப் பையனிடம் 'நாலு தடவை ஷேவ் பண்ணு, தானா வளரும்' என்பார்கள். பெண்ணிடம் வரும்போது அதே நம்பிக்கை அச்சமாகத் திரும்புகிறது. தலையில் வரமாகவும் கன்னத்தில் சாபமாகவும் ஒரே விதி வேலை செய்வதாக நினைக்கிறோம். அது விதியே அல்ல என்பது 1928-லேயே சோதித்துப் பார்க்கப்பட்டது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் உடற்கூறியல் ஆய்வாளராக இருந்த மில்ட்ரெட் டிராட்டர், மழிப்பதால் முடியின் வளர்ச்சி வேகமோ கனமோ மாறுவதில்லை என்று அளந்து எழுதினார். 1970-ல் லின்ஃபீல்டு, மாக்வில்லியம்ஸ் என்ற இருவர், ஐந்து ஆண்களின் ஒரு காலை வாரந்தோறும் பல மாதங்கள் மழித்து, மற்றக் காலை அப்படியே விட்டு ஒப்பிட்டார்கள்; வித்தியாசம் தேறவில்லை. ஐந்து பேர் சிறிய எண்ணிக்கைதான். ஆனால் முடி எங்கே உண்டாகிறது என்பதே இதற்குப் போதுமான விளக்கம். உயிருள்ள பகுதி தோலுக்கு அடியில், வேர்க்காலில் இருக்கிறது. கத்தி தொடுவது வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் உயிரற்ற இழையை. தானாக வளர்ந்த முடி சீவிய பென்சில் மாதிரி நுனியில் மெலிந்திருக்கும். அதைக் குறுக்கே வெட்டினால் தட்டையான அடிப்பகுதி மேலே வரும், விரலுக்கு முள்ளாகத் தட்டும், கண்ணுக்குக் கனமாகத் தெரியும். பையனின் தாடி ஷேவிங்கால் வளரவில்லை, வயதால் வளர்ந்தது. குழந்தையின் முடியும் அப்படியே.

கத்தியை ஒதுக்கிய இடத்தில் இருபதாம் நூற்றாண்டு வேறு கருவிகளைக் கொண்டுவந்து வைத்தது. சென்னையில் சீன வம்சாவளிக் குடும்பங்கள் நடத்திய பியூட்டி பார்லர்கள் நெடுங்காலம் வசதியுள்ளவர்களுக்கு மட்டுமானவை. பின்னர் வந்தவை ஆன் பிரெஞ்ச் கிரீம், பிளீச், வேக்ஸ், நூல். பாரசீகத்திலும் அரபு நாடுகளிலும் கல்யாணத்தை ஒட்டிச் செய்த நூல் கட்டும் கலை வட இந்தியா வழியாக இங்கே வந்து, 'த்ரெட்டிங்' என்ற பெயரில் தெருவுக்குத் தெரு நின்றுவிட்டது. 2000-ல் நுங்கம்பாக்கம் காதர் நவாஸ்கான் ரோட்டில் நேச்சுரல்ஸ் தொடங்கியதும், 2002-ல் கெவின்கேர் நிறுவனம் கிரீன் டிரெண்ட்ஸைத் தொடங்கியதும் சலூனைச் சங்கிலித் தொடராக மாற்றின. கெவின்கேரின் தலைமையகம் தேனாம்பேட்டை செனடாப் ரோட்டில்தான் இருக்கிறது. ஷாம்பூவை ஒரு ரூபாய் பாக்கெட்டாக்கிய குடும்பத்தின் கைகள் பெண் முகத்தின் பராமரிப்பையும் நடுத்தர வர்க்கத்தின் மாதச் செலவாக்கின. இந்த மாற்றத்தில் ஏராளமான பெண்களுக்குத் தொழில் கிடைத்தது; முகத்தைத் தொடும் தொழில் சாதியிலிருந்து பெருமளவு விடுபட்டது. இதைச் சிறிய விஷயமாக நான் நினைக்கவில்லை. பக்கத்துக் கோடம்பாக்கம் போன்ற சினிமா உலகங்களில் பெண் ஹேர் டிரெஸ்ஸராக இருக்கலாம், மேக்கப் கலைஞராகக் கூடாது என்ற சங்க விதி நாட்டில் 2014 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான் உடைந்தது. முகம் என்பது எப்போதுமே யார் தொடலாம் என்ற சண்டை நடக்கும் இடம்.

ஆனால் நூலும் வேக்ஸும் கத்தியைவிடச் சாதுவானவை என்ற தரவரிசையை யார் போட்டார்கள்? இரண்டும் முடியை வேரோடு பிடுங்குகின்றன. ஒவ்வொரு பிடுங்கலும் வேர்க்காலுக்கு ஒரு சின்னக் காயம். நம் மாநிறத் தோலில் எந்தக் காயம் ஆறினாலும் அந்த இடம் கறுக்கும் வழக்கம் உண்டு; மேலுதட்டில் சூடான வேக்ஸ் பட்டுக் கறுத்துப்போன பெண்களைத் தோல் மருத்துவர்கள் அடிக்கடி பார்க்கிறார்கள். வழித்தெடுப்பதில் வேர்க்காலுக்குச் சேதம் இல்லை. ஜப்பானில் பெண்களின் முகத்தை நாவிதர் மழிப்பது கல்யாணச் சடங்கின் பகுதியாகவே நெடுநாள் இருந்து வருகிறது. 'காவோ சோரி' என்று அதற்குப் பெயர். முகம் மழிக்கும் உரிமையைப் பயிற்சி பெற்ற நாவிதருக்கு அந்நாட்டுச் சட்டம் ஒதுக்கி வைத்திருக்கிறது. அங்கே மணப்பெண்ணுக்கு மங்கலமானது இங்கே அமங்கலமானால், வேறுபாடு தோலில் இருக்க முடியாது.

சரி, அச்சம் அவ்வளவும் பொய் என்றால் எல்லோரும் போய்ச் செய்துகொள்ளலாமா? கூடாது. இங்கேதான் தோல் உண்மையாகப் பேசத் தொடங்குகிறது. கன்னத்தில் சீழ்ப் பருக்கள் இருக்கும்போது கத்தி வைத்தால் ஒரு பருவின் கிருமியை அது அடுத்த இடத்துக்கு இழுத்துப் போகும். தட்டையான சின்ன மருக்கள் இருப்பவர்களுக்குக் கத்தி போன கோட்டிலேயே புது மருக்கள் வரிசையாக முளைப்பதுண்டு. உதட்டோரத்தில் அடிக்கடி அக்கி வகைக் கொப்புளம் வருபவர்கள், எக்ஸிமா உள்ளவர்கள், காயம் ஆறும்போது தழும்பு தடித்து வளரும் உடல்வாகு கொண்டவர்கள் தள்ளி நிற்க வேண்டும். பருவுக்காக ஐசோட்ரெடினாயின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் தொடவே கூடாது. ரெடினால் பூச்சு போடுபவர்கள் சில நாள் நிறுத்திவிட்டுத்தான் வர வேண்டும். நிறம் பற்றிய அச்சத்தை மட்டும் நான் லேசாகத் தள்ள மாட்டேன். தாமஸ் ஃபிட்ஸ்பேட்ரிக் 1975-ல் உருவாக்கிய தோல் வகை அளவுகோல் வெள்ளைத் தோலை மனதில் வைத்தே தொடங்கியது. பழுப்பு, கறுப்புத் தோல்களுக்குரிய ஐந்தாம், ஆறாம் வகைகள் பின்னால் சேர்ந்தவை. அழகு சிகிச்சைகளின் பாதுகாப்பைப் பற்றிய பேச்சும் பெரும்பாலும் அந்தத் தோலிலிருந்தே வருகிறது. டெர்மாபிளேனிங் பற்றிய பெரிய ஆய்வுகள் குறைவு. நம் தோலில் இன்னும் குறைவு. ஆனால் நம்மிடம் வேறொரு சாட்சியம் இருக்கிறது. நூறாண்டுக்கு மேலாகத் தமிழ் ஆண்களின் முகத்தில் அன்றாடம் கத்தி ஓடுகிறது. கழுத்தில் உள்வளர்ந்த முடி, அதனால் வரும் கறுப்புப் புள்ளிகள், மழுங்கிய பிளேடின் எரிச்சல் எல்லாம் வருகின்றன. அவை தடித்த, சுருண்ட தாடி முடியில் அதிகம். பூனைமுடியில் அவ்வளவு இல்லை. கன்னம் கத்தியால் கறுப்பதைவிட, வழித்த கையோடு சென்னை வெயிலில் இறங்குவதால் கறுப்பதுதான் அதிகம். இறந்த மேலடுக்கு குறைந்த தோல் சில நாளைக்கு வெயிலைத் தாங்காது.

கத்தியின் சுத்தம் பற்றி இந்த நகரத்துக்கு யாரும் புதிதாகப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986-ல், சென்னையில் எடுத்த ரத்த மாதிரிகளில். மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியின் சுனிதி சாலமனும் அவர் மாணவி செல்லப்பன் நிர்மலாவும் சேர்ந்து செய்த வேலை அது. மாதிரிகள் வேலூரில் சோதிக்கப்பட்டன. அடுத்த பத்தாண்டில் நடந்த விழிப்புணர்வுப் பிரசாரம் சலூன் நாற்காலிவரை வந்தது. தீட்டித் தீட்டி எல்லோருக்கும் ஓட்டிய கத்தி போய், பாதி பிளேடு மாட்டும் கத்தி நிலைத்தது. காகித உறையோடு பிளேடை நெடுக்காக மடக்கிப் 'படக்' என்று ஒடித்து, ஒரு பாதியைப் பிடியில் செருகி, வாடிக்கையாளர் கண்ணெதிரே காட்டிவிட்டு ஆரம்பிப்பார் நாவிதர். சவரத்தால் எச்.ஐ.வி. பரவுவது மிக அரிது. ஹெபடைடிஸ் பி, மரு, சீழ்க் கிருமிகள் பரவ வாய்ப்பு அதைவிட அதிகம். காரணம் எதுவானாலும் பழக்கம் சரியானது. குளிரூட்டிய அறையில் சாய்நாற்காலியில் படுத்திருக்கும் பெண்ணுக்கு, தெருமுனை சலூனில் ஆண் கேட்டுப் பெறும் அந்த உரிமை தானாகக் கிடைத்துவிடுவதில்லை. கண்ணை மூடச் சொல்லிவிடுகிறார்கள். உறை பிரிக்கப்படுவதைப் பார்த்த பிறகே கண்ணை மூட வேண்டும்.

இன்னொரு மறுப்பைப் பெண் மருத்துவர்கள் எழுப்புகிறார்கள், அதை நான் முழுமையாக ஏற்கிறேன். பூனைமுடி வேறு, தாடையிலும் கழுத்திலும் கறுத்துத் தடித்து வரும் முடி வேறு. இரண்டாவது வகை, குறிப்பாக மாதவிலக்கு தப்புவதும் எடை ஏறுவதும் பருவும் சேர்ந்து வந்தால், சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினையின் அடையாளமாக இருக்கலாம். உடம்பில் எங்கெங்கே எவ்வளவு முடி என்று மதிப்பெண் போட்டுப் பார்க்கும் ஃபெர்ரிமன்-கால்வே முறை 1961-லிருந்து மருத்துவத்தில் இருக்கிறது. முதலில் மாதாமாதம் வழித்துவிட்டு அப்புறம் மருத்துவரிடம் போனால் அந்தத் தடயம் இருக்காது. ஆகவே கருமுடிக்காரர்கள் முதலில் ரத்தப் பரிசோதனைக்குப் போக வேண்டும். கத்தி அவர்களுக்குத் தடை அல்ல. ஆனால் சிகிச்சையும் அல்ல.

யார் கையில் கத்தி என்ற பழைய கேள்விக்கு இன்று பதில் சொல்ல வேண்டிய அலுவலகங்கள் தேனாம்பேட்டையிலேயே இருக்கின்றன. மெட்ரோ நிலையத்தின் பெயரில் பாதியாக நிற்கும் டி.எம்.எஸ். வளாகத்தில்தான் மருத்துவ, ஊரக நலப்பணிகள் இயக்குநரகமும் மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகமும் இயங்குகின்றன. கிளினிக்குகளைப் பதிவுசெய்வதற்கான தமிழ்நாட்டுச் சட்டம் 1997-ல் வந்தது. அதற்கான விதிகள் 2018-ல்தான் நடைமுறைக்கு வந்தன. இடையில் 2016-ல் சென்னையில் முடி மாற்று அறுவை செய்துகொண்ட ஒரு மருத்துவ மாணவர் இறந்துபோனது, சலூனுக்கும் மருத்துவமனைக்கும் நடுவே எவ்வளவு பெரிய இடைவெளி கேட்பாரற்றுக் கிடக்கிறது என்று காட்டியது. 2022-ல் தேசிய மருத்துவ ஆணையம் அழகு சிகிச்சைகளைப் பற்றி வெளியிட்ட வழிகாட்டுதலில், பயிலரங்கத்திலோ யூடியூபிலோ பார்த்துக் கற்பது பயிற்சி ஆகாது என்று சொல்ல வேண்டிய நிலை வந்தது. டெர்மாபிளேனிங் அந்த அளவு அபாயமானதல்ல. மயக்க மருந்து இல்லை, ரத்தம் வரக் கூடாது. ஆனால் அறுவைக் கத்தி அறுவைக் கத்திதான். மூக்கு ஓரத்திலும் தாடை வளைவிலும் கோணம் சற்றுத் தவறினால் கீறும். என் கருத்து: ஆரோக்கியமான தோலில் பூனைமுடியை மட்டும் எடுக்கப் பயிற்சி உள்ள பார்லர் கை போதும், பரு, தழும்பு, மங்கு, மாத்திரை என்று ஏதேனும் ஒன்று சேர்ந்தாலும் தோல் மருத்துவரின் கிளினிக்தான். இந்த எல்லையை விளம்பரப் பலகையில் யாரும் எழுதுவதில்லை. எழுதவைக்க வேண்டிய பொறுப்பு அந்த வளாகத்துக்கு உண்டு.

முகத்தில் முடி இருந்தால்தான் என்ன, எதற்கு எடுக்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கும் இடம் கொடுக்க வேண்டும். பூனைமுடி நோயல்ல, எடுக்காமல் இருப்பதால் எந்தக் கெடுதலும் இல்லை. மேக்கப்பை வழவழப்பாகக் காட்ட வேண்டிய தேவை கேமராவுக்கு உரியது, தோலுக்கு அல்ல. அதை ஏற்றுக்கொண்ட பிறகும் ஒருத்தி எடுக்க விரும்பினால், அவள் கையில் கிடைக்கும் கருவிகளில் கத்தி ஆக மோசமானது என்று சொல்ல நமக்கு ஆதாரம் இல்லை என்பதே நான் சொல்வது. தி.நகர் கடைகளில் விற்கும் சின்ன முக ரேசரும் பாதுகாப்பு விளிம்பு இருந்தால், புதிதாக இருந்தால், அதே வேலையை ஏறத்தாழச் செய்யும். மேல்தோல் உரிப்பு மட்டும் குறையும். கல்யாணத்துக்கு முந்தின நாள் முதன்முறையாகச் செய்துகொள்வது தவறு. ஒரு மாதம் முன்பே, காதுக்கு முன்னால் இரண்டு விரல் அகலத்துக்கு மட்டும் வழிக்கச் சொல்லுங்கள். அன்றும் அடுத்த ஒரு வாரமும் வெயில் படாமல் சன்ஸ்கிரீன் போட்டுக்கொள்ளுங்கள். வாசனைப் பூச்சும் பிளீச்சும் வேண்டாம். இரண்டு வாரம் கழித்து அந்த இடம் கன்னத்தின் நிறத்திலேயே இருந்தால் முகம் முழுவதும் செய்துகொள்ளலாம், அதுவும் மாதம் ஒரு முறைக்கு மேல் வேண்டாம். கறுத்திருந்தால் நூலும் வேக்ஸும்கூட அந்தத் தோலுக்கு ஒத்துக்கொள்ள வாய்ப்புக் குறைவு. தோல் மருத்துவரைப் பார்த்த பிறகுதான் மேற்கொண்டு எதுவும்.